பிரஸ்ஸுக்கு அடியில் ஓர் அப்பளம்

அப்பளம் நொறுங்கிப் போயிற்று.

அவள் திரையைப் பார்த்தாள். பிழை பூஜ்யம் என்று சாதிக்கிறது மிஷின். சொன்ன இடத்தில்தான் நின்றேன் என்கிறது.

சொன்ன இடம் அப்பளத்தின் மேல்தோல். அப்படியானால் இந்த நொறுங்கல் எங்கிருந்து வந்ததாம்?

நொறுங்கலை மேடையிலிருந்து துடைத்துத் தள்ளினாள்.

நல்ல சம்பள வேலையை உதறிவிட்டு, கணபதி ஏரியாவில் ஒரு வாடகை ஷெட்டில், தானே கட்டிய முதல் தகடு அழுத்தும் பிரஸ் இது. வாங்க வந்திருப்பவர் சென்னியப்பன். பம்புக்குத் தகடு அடிக்கும் பட்டறைக்காரர். கூடவே துளசிமணியக்காவையும் கூட்டி வந்திருக்கிறார். தினமும் இதன் முன்னால் உட்கார்ந்து ஓட்டப்போவது அக்காதான். அவர் பட்டறையின் பழைய பிரஸ் அக்காவின் இடக்கையில் இரண்டு விரல்களைத் தின்றுவிட்டது.

அப்பளம் யாரும் கேட்டது அல்ல. இவளுடைய வாய்க்கொழுப்பு. மெஸ்ஸிலிருந்து வந்த மதியச் சாப்பாட்டைப் பிரித்ததும் தோன்றியது. முழு வேகத்தில் இறங்கும் இரும்புத் தலை, பொரித்த அப்பளத்தைத் தொட்டு நிற்கும் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

"சோத்துக்கு வந்த அப்பளம் வீணாப் போச்சுங்களே அம்மிணி," என்றார் சென்னியப்பன்.

அவள் காதில் விழவில்லை. கண் பெல்ட்டின் மேல் இருந்தது.

மோட்டாரின் முதுகில் ஒரு என்கோடர். எவ்வளவு சுற்றினோம் என்று எண்ணிச் சொல்வது. அது பொய் சொல்லவில்லை. மோட்டார் சரியாகத்தான் நின்றிருக்கிறது. ஆனால் மோட்டாருக்கும் தலைக்கும் நடுவே பெல்ட் இருக்கிறதே. ஓடி வந்து சட்டென்று நின்றால் பெல்ட் இழுபடாமல் என்ன செய்யும்? மோட்டார் நின்ற பிறகும் தலை மயிரிழை கீழே போயிருக்கிறது. போனது மோட்டாருக்குத் தெரியவே தெரியாது.

தலை எங்கே இருக்கிறது என்று தலையைத்தானே கேட்க வேண்டும்.

அதற்கென்றே, தலை இருக்கும் இடத்தை அளந்து சொல்லும் ஒரு ஸ்கேலைத் தலையோடு சேர்த்துப் பொருத்தி வைத்திருந்தாள். வயரும் இழுத்தாயிற்று. ஆரம்ப நாட்களில், ஓட்டிப் பார்ப்பதற்காக, மோட்டார் சொல்வதை மட்டும் கேள் என்று செட்டிங் போட்டவள் அதை மாற்ற மறந்திருந்தாள்.

அடி மடச்சி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரே நிமிசமுங்க."

விரல்கள் திரையில் ஓடின. இனி ஸ்கேல் சொல்வதைக் கேள் என்று செட்டிங்கை மாற்றினாள். முதலில் ஊர்கிற வேகத்தில் இறக்கினாள். தலை இறங்க, திரையில் எண்ணும் கூடவே இறங்கியது. ஏற்றினாள். ஏறியது.

"அக்கா, இன்னொரு அப்பளம் குடுங்க."

துளசிமணியக்கா தன் இலையிலிருந்ததை எடுத்து நீட்டினார்.

முழு வேகம். அவள் பச்சைப் பட்டனை அழுத்தினாள்.

தலை இறங்கியது. நின்றது.

ஒரு சத்தமும் இல்லை.

மூவரும் குனிந்தார்கள். தலைக்கும் மேடைக்கும் நடுவில் அப்பளம். ஒரு கொப்புளம்கூட உடையவில்லை. தலை மேலே போனது. மறுபடி இறக்கினாள். மறுபடியும். விளையாட்டுப் பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி இறக்கிக்கொண்டே இருந்தாள். அப்பளம் முழுசாகக் கிடந்தது. தலைகால் புரியவில்லை அவளுக்கு.

சென்னியப்பனுக்கும்தான். "அட சாமி! இதத்தானுங்க நா தேடிட்டு இருந்தது. நாளைக்கே வண்டி அனுப்பறேன்."

அவர் பார்வை, பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த சென்சார் வேலியின் மேல் போனது. கை குறுக்கே வந்தால் மிஷினை நிறுத்துகிற வேலி. இன்னும் மாட்டவில்லை.

"அப்பளமே ஒடையலீங்க. அப்பறம் அது எதுக்குங்க தெண்டமா? அதக் கழிச்சுட்டு வெலையப் போடுங்க. துளசி, அடில கைய வெய்யி. அம்மிணி மிசினு தொட்டுட்டு நிக்கறத நீயும் பாரு."

அவரே பச்சைப் பட்டனில் விரலை வைத்தார்.

துளசிமணியக்கா முதலாளியைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். பிறகு வலக்கையை, ஐந்து விரலும் இருக்கிற கையை, மெல்ல நீட்டினார்.

நிற்கும். அப்படித்தான் பட்டது. இத்தனை முறை நின்றதே. ஆர்டர் கைக்கெட்டும் தூரத்தில். ஒரு கணம், வைக்கட்டுமே என்று அவளுக்கும் தோன்றியது.

தோன்றிய அந்தக் கணத்தை நினைத்து உடம்பு கூசியது. சிவப்புப் பட்டனை ஓங்கிக் குத்தினாள்.

மிஷின் செத்தது. திரை அணைந்தது.

"அதோட தலை எங்க இருக்குதுன்னுதானுங்க அதுக்குத் தெரியும். அக்கா கை எங்க இருக்குதுன்னு தெரியாது," என்றாள். "அப்பளத்தோட தடிமன நாந்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்தேன். கைக்கு நிக்காதுங்க. வேலி இல்லாம இந்த மிஷினக் குடுக்க மாட்டனுங்க."

சென்னியப்பனின் முகம் தொங்கிப் போயிற்று. "அப்ப நா வேற எடம் பாத்துக்கறனுங்க."

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

போச்சு. எல்லாம் போச்சு. ஆனாலும் விரல் சிவப்புப் பட்டனை விட்டு வரவில்லை.

துளசிமணியக்கா முதலாளியின் பின்னால் போகவில்லை. மிஷினுக்கு முன்னால் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவர்போல ஒருமுறை அசைந்து கொடுத்தார்.

"வேலி மாட்ட எத்தன நாளாகும் அம்மிணி?" என்று கேட்டார், வாசலுக்கும் கேட்கிற குரலில்.

சென்னியப்பன் வாசலிலேயே நின்றார்.