'வாரேன்' என்ற சீட்டு

சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் செல்வின், "போயிட்டு..." என்று தொடங்கி, பாதியில் நின்றுவிட்டார். கீழே துறைமுக வேன் ஹாரன் அடித்தது.

"சொல்லுங்களேன், போயிட்டு வாரேன்னு."

உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"அதையும் அந்தச் சீட்டாட்டத்துல வச்சுத் தொலைச்சிட்டீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஆட்டத்தில் காசு கட்டினால் போனுக்குச் சீட்டுக்கட்டு வரும். காசில்லாமல் தொடங்குகிறவர்கள் தாங்கள் பேசும் சொற்களையே சீட்டாக வைக்க வேண்டும். தோற்ற சொல் வாயை விட்டு, ஜெயித்தவனிடம் போய்விடும்; அவனிடமிருந்து திரும்ப ஜெயித்தால்தான் வரும். "ஒத்தப் பைசா செலவில்ல, ஜெபா" என்று பெருமையாகத்தான் ஆரம்பித்தார். முதலில் 'அடேங்கப்பா' போனது. இரண்டு பேரும் சிரித்தோம்.

"நேரமாச்சு. நான் போறே..."

பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன். கப்பலேறப் போகிற மனுஷன் அந்தச் சொல்லோடா வாசலைத் தாண்டுவது?

போனைப் பிடுங்கி, காசில்லாமலே என் பெயரில் ஆட்டத்தைத் தொடங்கினேன். அவர் சொல்லை ஜெயித்தவன் இன்னும் அங்கேதான் இருந்தான். 'உப்பு' வைத்தேன், 'கண்ணாடி' வைத்தேன், எதையும் ஏற்கவில்லை. ஒரே ஒரு சொல்லைத்தான் கேட்டான்: 'வாங்க'.

ஹாரன் மறுபடி அலறியது.

"வேண்டாம் ஜெபா" என்று கையைப் பிடித்தார் செல்வின்.

உதறிவிட்டுச் சீட்டை இறக்கினேன். தோற்றால், அவர் திரும்பி வந்து கதவைத் தட்டும்போது 'வாங்க' என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

எழாவிட்டால் போகட்டும். முதலில் அவர் வரட்டும்.