தொண்ணூற்று நான்காவது வாடிக்கையாளர்

ரிப்பன் வெட்டும் கத்திரிக்கோலைத் துரைராசு அண்ணன் என் கையில்தான் கொடுத்தார்.

கல்லூரி முதல்வர் வந்திருந்தார். துறைத் தலைவர் வந்திருந்தார். இருவரும் கையை நீட்டத் தயாராக நின்றார்கள்.

"வெத போட்டதே தம்பிதானுங்களே. அதுதான் வெட்டணும்" என்று சொல்லிவிட்டார்.

வெட்டினேன். கைதட்டினார்கள். பலகையை மூடியிருந்த துணி நழுவியது. 'வள்ளி பழைய சோறு நிலையம்.'

அண்ணன் முருக பக்தர் போல என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லா வீட்டிலும் காலையில் ஒரு சட்டி பழைய சோறு மிஞ்சுகிற ஊர் இது. இங்கே, கும்பகோணம் சாலையில், அதையே விலைக்கு விற்க ஒரு கடை. கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்பார்கள். நூற்றுக்கு எண்பத்தேழு கொல்லர்கள் ஊசி வாங்கத் தயார் என்று நிரூபித்தவன் நான்.

பி.பி.ஏ. இறுதியாண்டு ப்ராஜெக்ட். புதுத் தொழில் தொடங்க முதல் அடிப்படை சந்தை ஆய்வு என்று முதல் பாடத்திலேயே இருக்கிறது. சரக்கை வாங்குவீர்களா என்று சனங்களிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும். நூறு பேர், நூறு படிவம். ஜூன், ஜூலை இரண்டு மாதம் அவகாசம்.

நான் டிசம்பரில், ஒரே மதியத்தில், கல்லூரி வாசல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முடித்தேன்.

எதிரே ஊராட்சி அலுவலகம். சுவரில் நூறு நாள் வேலைக்காரர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. பெயர் அங்கிருந்து எடுத்தது. பதில் என்னுடையது. தேதி ஜூனில் போட்டேன். நான்கு நிறத்தில் பேனா மாற்றினேன். எல்லாரும் 'வாங்குவேன்' என்றால் சந்தேகம் வரும் என்று பதின்மூன்று பேரை 'வாங்க மாட்டேன்' என்று சொல்ல வைத்தேன். எண்பத்தாறோடு பட்டியல் தீர்ந்துபோனது. மீதிப் பதினான்கு பேரை, அதே சுவரில் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து நிரப்பினேன்.

முதல் பரிசு கிடைத்தது.

துறை அலுவலக உதவியாளரான துரைராசு அண்ணன்தான் பைண்டிங்குக்குக் கொண்டுபோனவர். எங்கள் கல்லூரி வரலாற்றில் ஒரு மாணவனின் ப்ராஜெக்டை அட்டை முதல் அட்டை வரை படித்த முதல் மனிதர். நூறு படிவத்தையும் படித்திருக்கிறார்.

பிப்ரவரியில் வேலையை விட்டார். இன்னும் நான்கு வருஷ சர்வீஸ் இருந்தது.

என் ப்ராஜெக்டை நம்பிக் கடை வைக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். உண்மையைச் சொல்லிவிட மூன்று முறை கிளம்பிப் போனேன். மூன்று முறையும் அவர் கடைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை நானும் ஒரு பிரஷ்ஷை வாங்கி அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திறப்பு விழாக் கூட்டம் கலைந்தது. முதல்வர் சர்க்கரை வியாதியைக் காரணம் காட்டிக் கிண்ணத்தைத் தொடாமலே காரில் ஏறினார். அரை மணி நேரத்தில் கடையில் நான் மட்டும்தான் இருந்தேன். இரண்டாவது கிண்ணம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது. எண்பத்தேழு பேரில் ஒருவரும் இறங்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அண்ணே, அந்தப் படிவமெல்லாம்..."

"இருங்க தம்பி, அதத்தான் காட்டணும்னு இருந்தேன்."

கல்லாவுக்கு மேலே, சாமி படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டு ஒரு தாள் மாட்டியிருந்தது. என் கையெழுத்து. பச்சைப் பேனா.

எண் 94. வள்ளியம்மை, வயது 51, மேலத்தெரு. பழைய சோறு கடையில் கிடைத்தால்: வாங்குவேன். வேறு யோசனை: மோர் மிளகாய் வைத்தால் நல்லது. தேதி: ஜூன் 14.

"நம்ம வீட்டுல, தம்பி. இருவது வருஷமா இந்தக் கடைய வைக்கணும் வைக்கணும்னு நான் சொல்ல, பழைய சோத்த எவன்யா காசு குடுத்து வாங்குவான், போயி காலேஜ் மணிய அடின்னு திட்டுவா. உங்ககிட்ட மட்டும் வாங்குவேன்னு சொல்லியிருக்கா பாருங்க, திருட்டுக் கழுத."

துண்டு நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். அதற்குப் பக்கத்துப் படத்தையும் துடைத்தார். சந்தன மாலை போட்ட படம். அடியில் தேதி, ஆகஸ்ட் 9.

ஆகஸ்டில் ஒருநாள் அவர் மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்தார். "பழனியாண்ணே?" என்று கேட்டவன் நான்தான். ஆமாம் என்பது போலத் தலையாட்டிவிட்டு மணி அடிக்கப் போனார்.

ஊராட்சிச் சுவரில் இருந்த அந்தப் பக்கத்துத் தாளுக்கு ஒரு தலைப்பு இருந்தது. படித்துவிட்டுத்தான் எழுதினேன். 'வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்கள் – இறப்பு.' வயது, தெரு எல்லாம் அச்சிலேயே இருந்தன. இவர்களிடம் போய் எந்தப் பேராசிரியரும் சரிபார்க்க முடியாது என்பது இன்னும் வசதியாக இருந்தது. கணவர் பெயரும் போட்டிருந்தார்கள். என் படிவத்தில் அதற்கு இடமில்லை. அதை மட்டும் நான் படிக்கவில்லை.

"சொல்லும்போது சிரிச்சாளா தம்பி?"

அதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

"சிரிச்சாங்கண்ணே" என்றேன். "எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதப்பான்னாங்க."

துரைராசு அண்ணன் படத்தின் மாலையைச் சரிசெய்தார். பிறகு உள்ளே போய், நாளைய சோற்றுக்கு அளந்து வைத்திருந்த அரிசியில் இன்னும் இரண்டு படி அள்ளிப் போட்டார்.