சவுரி கேட்ட கல்யாணப் பொண்ணு

"இதுவும் வேண்டாம் மேடம். அவிழ்த்துடுங்க."

பார்லர்காரம்மாவுக்குக் கை விட்டுப்போயிற்று. காலையிலிருந்து இது நாலாவது. உச்சிக்கொண்டை போட்டாயிற்று. பக்கக்கொண்டை போட்டாயிற்று. பிரெஞ்ச் பின்னல் போட்டு, அதையே சுருட்டிக் கொண்டையும் ஆக்கிப் பார்த்தாயிற்று. கல்யாணப் பொண்ணு கண்ணாடியைப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள். உடனே அத்தனை ஹேர்பின்னையும் பிடுங்க வேண்டியது.

வேறு யாராவதாக இருந்தால், "நீயே போட்டுக்கோ தாயே" என்று சீப்பைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பாள். ஆனால் முடி அப்பேர்ப்பட்ட முடி. முழங்காலைத் தொட்டது, ஒரு கைக்குள் அடங்கவில்லை. நாளை சாயங்காலம் வரவேற்பில் நானூறு பேர் பார்க்கப்போகிற தலை.

எதிர்ச் சாரியில் ஏசி போட்ட பெரிய பார்லர் திறந்ததிலிருந்து இங்கே ஈ ஓட்டுகிற வேலைதான். இந்த ஒரு தலை ஜோராக அமைந்து, அதை ஒரு போட்டோ எடுத்து வாசல் கண்ணாடியில் ஒட்டிவிட்டால், போன கூட்டம் தானாகத் திரும்பி வரும் என்று அவள் நம்பியிருந்தாள்.

"ஏன்டி, நீளத்தைக் காட்டுற மாதிரி பின்னித் தொங்க விடேன். இந்த முடியை வெச்சுக்கிட்டு என்னடி கஞ்சத்தனம்?" சோபாவில் உட்கார்ந்திருந்த அக்கா அதட்டினாள். அக்காவுக்கு முடி கழுத்தோடு சரி. அதுவும் உட்கார்ந்து எண்ணினால் எண்ணிவிடலாம்.

"உங்களுக்கும் ஒரு ட்ரயல் பார்த்துடலாமா?" பார்லர்காரம்மா வியாபாரத்தை விடவில்லை.

"எனக்கு எதுக்கு? நான் மேடைக்கெல்லாம் வரலீங்க. கடைசி வரிசையில உட்கார்ந்து பார்த்துக்கறேன்."

கூடப் பிறந்தவள் கல்யாணத்தில் மேடை ஏறாத அக்காவா! பொறாமைதான், வேறென்ன என்று பார்லர்காரம்மா அந்த நிமிஷமே தீர்ப்பு எழுதிவிட்டாள். ஒரே வயிற்றில் பிறந்து, ஒருத்திக்கு அப்படி, ஒருத்திக்கு இப்படி என்றால் எரியாமல் என்ன செய்யும்?

அக்காவின் போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போனாள். கதவு சாத்தியதும் பொண்ணு நாற்காலியோடு திரும்பினாள்.

"மேடம், உங்ககிட்ட சவுரி இருக்கா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

பார்லர்காரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, உன் முடியில பாதியை வெட்டினா நாலு பேருக்குச் சவுரி பண்ணலாம். உனக்குச் சவுரியா?"

"என் முடியை உள்ளே சின்னதா அடக்கிடுங்க. மேல பெரிய சவுரிக்கொண்டை ஒண்ணு வைங்க. தூரத்துல இருந்து பார்த்தாலே பொய்முடின்னு தெரியணும்."

இருக்கிறவர்களுக்குத்தான் இன்னும் வேண்டியிருக்கிறது, ஆசைக்கு அளவே இல்லை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பெட்டியைத் திறந்தாள். வாசல் கண்ணாடி போட்டோ அவ்வளவுதான், போச்சு. வேண்டாவெறுப்பாகச் சவுரியை வைத்து, எட்டு ஹேர்பின் குத்தி இறுக்கினாள்.

பொண்ணு தலையை ஆட்டிப் பார்த்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள். கொண்டை அசையவில்லை.

"இவ்வளவு வேண்டாம் மேடம். ரெண்டு பின் போதும்."

"ரெண்டா? யாராவது வந்து கட்டிப்பிடிச்சா கழண்டு கீழே விழுந்துடும்மா!"

"விழணும் மேடம்."

பார்லர்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "விளையாடறியா? நானூறு பேர் முன்னாடி நான் போட்ட கொண்டை விழுந்தா, அடுத்த நாளே கடையை இழுத்து மூட வேண்டியதுதான். என் பொழப்புல மண்ணைப் போடணும்னே கிளம்பி வந்தியா?"

"நானே போட்டுக்கிட்டேன்னு சொல்லிடறேன்."

"யார் நம்புவாங்க? நீ காலையிலேருந்து இங்கே உட்கார்ந்திருக்கறதைத் தெருவே பார்த்துச்சு!"

பொண்ணு கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நிச்சயதார்த்தத்தன்னைக்கு அக்கா சவுரி வெச்சுக்கிட்டு வந்தா மேடம். மோதிரத்தை எடுத்துக் கொடுக்கக் குனிஞ்சா, அது கழண்டு மாப்பிள்ளை காலடியில விழுந்துடுச்சு. சபையே சிரிச்சுது. எவனோ வீடியோ எடுத்து ரெண்டு வீட்டு குரூப்லயும் போட்டுட்டான். மூணு மாசமா அவ ஒரு விசேஷத்துக்கும் போகல. நாளைக்கும் அதே ஆளுங்கதான் வர்றாங்க."

பார்லர்காரம்மா சீப்பைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு என்னோடது விழட்டும். முதல்ல நான்தான் சிரிப்பேன். அவர்கிட்டயும் சொல்லிட்டேன், பொறுக்கிக் கொடுக்கிற வேலை அவரோடது. அதுக்கப்புறம் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டா, மாட்டேன்னு சொல்ல அவளுக்கு என்ன காரணம் இருக்கு?"

கதவு திறந்தது. உள்ளே வந்த அக்கா கொண்டையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கடவுளே! இவ்வளவு முடியை ஒளிச்சு வெச்சுட்டு இதென்னடி கண்றாவி? அவதான் புத்தி கெட்டுப்போய்க் கேட்கறான்னா, நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா மேடம்?"

பார்லர்காரம்மா எட்டு பின்னில் ஆறை ஒவ்வொன்றாக உருவினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பொண்ணின் காதுப் பக்கமாகக் குனிந்து, அக்காவுக்குக் கேட்காதபடி கேட்டாள்:

"எத்தனை மணிக்கு விழணும்?"