காலர் ஏன் ஈரம்?

என் மனைவி பொற்கொடி சட்டமன்றச் செயலக அதிகாரி. ஆண்டில் சில வாரம் ராணுவத்தில் கேப்டன். ராணுவ ரகசியம் சட்டமன்றத்தில் கசியக்கூடாதென்று, சீருடையில் பார்த்ததையும் கேட்டதையும் அதைக் கழற்றியதுமே மறக்கவைத்துவிடுகிறார்கள்; மறுபடி போட்டால்தான் ஞாபகம் வரும்.

என் மாமனார் இறந்தபோது முகாமிலிருந்து சீருடையோடு ஓடிவந்துதான் கொள்ளி வைத்தாள். சேலைக்கு மாறியதும் அதுவும் மறந்துபோச்சு. நான் சொன்னால் ரகசியத்தைக் கசியவிட்ட குற்றமாம்! விலக்குக் கேட்டு ராணுவ அலுவலகத்துக்கு நாலு தடவை அலைந்தாச்சு. "அது முகாம் தகவல் சார்" என்று அதே பதில்.

இன்று அணிவகுப்பிலிருந்து சீருடையோடு வந்தவள், போனில் அப்பா நம்பரைப் பார்த்துப் பார்த்துக் காலர் நனைய அழுதாள். சட்டையைக் கழற்றியதும், "ஏங்க, இது ஏன் ஈரமா இருக்கு?" என்றாள்.

"என்ன எழவோ, யாருக்குத் தெரியும்!" என்று கத்திவிட்டேன்.

"வீட்டுல அந்த வார்த்தை வேண்டாங்க. அப்பாவுக்கு வயசாயிடுச்சு."