பிரிந்திருக்கக் கூடாத ஒன்று

"இந்தச் செல்லையும் கணக்குல சேத்துக்குங்க மேடம்." பேராசிரியை ஒதுக்கியதைச் சேர்க்கச் சொல்லி மட்டும் கேட்டுவிடாதே என்று சீனியர் அக்கா இவள் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த முதல் நாளே எச்சரித்திருந்தாள், கேட்டாகிவிட்டது. மைக்ராஸ்கோப் அறையின் இருட்டில் திரை வெளிச்சம் மூவர் முகத்திலும் பச்சையாக அப்பியிருக்கிறது. ஏசி உறுமுகிறது. திரை நிறையச் செல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் குரோமோசோம்கள் வரிசை கட்டி, நகராமல் நிற்கின்றன. அவற்றைப் பிரியவிடாமல் வைத்திருப்பது ஒரு புரதம். நேரம் வந்ததும் செல் அதன்மேல் ஓர் அடையாளத்தை ஒட்டி அரைத்துத் தள்ளிவிடும். பிடி தளரும், செல் இரண்டாகும். அடையாளம் ஒட்டவே முடியாதபடி அந்தப் புரதத்தை மாற்றி வைத்தவள் இவள்தான். அப்புறம் ஓரத்தில் இருக்கும் அந்த ஒரு செல் மட்டும் எப்படிப் பிரிந்தது?

"உன் கைதான் எங்கயோ சொதப்பியிருக்கு" என்கிறார் பேராசிரியை, கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தபடி. "அத வெட்டிட்டு ஆய்வேட்டக் குடு, கையெழுத்துப் போடறேன். பட்டத்த வாங்கிட்டுக் கெளம்பு." அக்கா இவள் முழங்கையைக் கிள்ளுகிறாள். "வாய மூடுடி. உங்க வீட்டுக்கே இதான் முதல் பட்டம்." சொதப்பியிருக்கலாம். வேறு செல் கலந்திருக்கலாம். இல்லை, அரைக்காமலேயே பிரிய இன்னொரு வழி இருக்கிறதோ என்னவோ. யோசிக்க யோசிக்கத் தலை கிறுகிறுக்கிறது. திரையில் அந்த இரு பாதிகளும் இவளைக் கேட்காமல் விலகிக்கொண்டே போகின்றன. "எனக்கும் ஒண்ணும் புரியல மேடம். புரியலங்கறதுக்காக வெட்ட மாட்டேன். அதோட சேத்துத்தான் குடுப்பேன், நீங்க கையெழுத்துப் போடாட்டி போங்க." கையுறைகளை உரித்துக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு, கதவை முட்டித் திறந்துகொண்டு வெளியேறுகிறாள்.