கயிற்றின் மறுமுனை

இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை முக்குளிப்பவர் தன் மைத்துனனிடம் நீட்டினார்.

புதிதாக வந்த படகோட்டிக்கு விவரம் தெரியாது. “எப்பவும் படகுத் தூண்லதானே கட்டுவாரு? இன்னைக்கு மனுசன் கையில குடுக்குறாரு. மழை கொட்டப்போகுது பாருங்க,” என்றான்.

பழைய ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. மைத்துனன் கையை நீட்டாமல் நின்றான்.

“புடி மாப்ள. கை மரத்துப்போச்சா?”

பிடித்தான்.

கயிறு பிடிப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் கலங்கல் தண்ணீரில் கண்ணால் பயனில்லை, குரலும் எட்டாது. கயிறுதான் வாய், கயிறுதான் காது. மேலிருந்து ஒரு இழுப்பு வந்தால் ‘நலமா?’ கீழிருந்து ஒரு இழுப்பு, ‘நலம்.’ எந்தப் பக்கம் இழுத்தாலும் மறுபக்கம் பதிலுக்கு இழுக்க வேண்டும். விடாமல் நாலு இழுத்தால் ‘உடனே தூக்கு.’ கயிறு தளர்ந்தால் சேதி மேலே வராது. விறைத்தால் கீழே இருப்பவர் தடுமாறுவார். அதனால் பிடிப்பவருக்கு வேறு வேலையே கிடையாது. தும்முவதற்குக்கூடத் திரும்பக் கூடாது.

தூணுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் தூண் ஏமாற்றாது. அதனால்தான் சில வருடங்களாக ஆழமில்லாத இடங்களில் மட்டும், தூணை நம்பி, தனியாக இறங்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிறுதோறும் சபை சேர்ந்து ஜெபம் சொல்லும்போது, மன்னிப்பைப் பற்றிய வரி வந்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். பக்கத்தில் மனைவி மட்டும் அதைச் சொல்லி முடிப்பாள். மைத்துனன் அவளுக்குத் தம்பி.

போன ஞாயிறு அவரும் சொல்லிவிட்டார். ஆண்டவரிடம் சொன்னதை வாயோடு நிறுத்திக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை.

இறங்கினார். கப்பலின் அடியில் கும்மிருட்டு. கப்பலை உந்தும் விசிறியில் சுற்றிக்கிடந்த வலை கையில் பட்டது. அறுப்பதற்கு முன், ஒரு முறை இழுத்தார்.

உடனே பதில் வந்தது.

தேவையே இல்லாமல் மறுபடியும் இழுத்தார். வந்தது. இன்னொரு முறை. அதற்கும் மேலே பிடித்திருந்த கை உடனே பதில் தந்தது.

முகமூடிக்குள் கண்ணைத் துடைக்க வழி கிடையாது. வலையைப் பற்றிக்கொண்டு அப்படியே இருந்தார்.

கடைசியாக இறங்கியபோது மகனும் இதே கைக்குத்தான் இழுத்தான். அன்று பதில் வரவில்லை.