செய்தவர் பெயர்

திருட்டு ஒழிப்புச் சங்கக் கூட்டத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, உட்கார்ந்திருக்கும் நாற்காலியே தன்னிடமிருந்து திருடியது என்று.

ஒன்றல்ல, அந்த மெய்நிகர் மண்டபம் முழுக்க அதே நாற்காலி. ஒவ்வொன்றிலும் ஒரு பொம்மை உருவம். ஒவ்வொரு உருவத்துக்கும் பின்னால், எங்கோ ஒரு வீட்டில், கணினி முன்னால் ஓர் ஆள். அவள் தன் சமையலறை மேசையில் இருந்தாள்.

பகலில் அவளுக்குப் பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு வேலை. அங்கே காத்திருப்பவர்கள் உட்காரும் நாற்காலியைப் பார்த்துப் பார்த்து, மாலைகளில் கணினியில் இழைத்துச் செய்தது இது. பல் பிடுங்க வந்தவர்கள் பயத்தில் கைப்பிடியில் போட்ட நகக் கீறல்களைக்கூட விடவில்லை. வேறொரு மெய்நிகர் உலகத்தில் கடை போட்டு, நகல் எடுக்க முடியாதபடி பூட்டித்தான் விற்றாள். நாற்காலிக்காரி என்பதுதான் அவள் பதிவுசெய்திருந்த பெயர்.

இங்கே நாற்காலியைச் சொடுக்கிப் பார்த்தாள்.

செய்தவர்: சங்கத் தலைவர். பொருள்: அரண்மனை நாற்காலி. கீறல்கள் மகாராணியின் செல்லப் பூனை போட்டவை.

பக்கத்து நாற்காலியையும் சொடுக்கினாள். அங்கேயும் அதே பூனை.

மேடையில் தலைவர், அடுத்தவர் உழைப்பைத் தொடுகிற கை விளங்காது என்று முழங்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். தலைவரும் சேர்ந்து தட்டிக்கொண்டார்.

உட்காரவே முடியாத நாற்காலிக்கு எதற்கு இவ்வளவு டென்ஷன் என்று கேட்டுவிட்டு, அடுப்படியில் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எப்படிச் சொல்வது? இதை நான்தான் செய்தேன் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும் அவளுக்கு. வேறெதுவும் வேண்டாம்.

இந்த மெய்நிகர் உலகத்தை நடத்தும் உலகக்காரருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள்.

உலகக்காரர் என்றதும் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இலவச மென்பொருளை இறக்கி, பழைய கணினி ஒன்றில் ஏற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்து ஓட்டுகிற ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன். பெருக்க வரும் மருமகள் ப்ளக்கைப் பிடுங்கினால் உலகம் அழிந்துவிடும்.

"பூட்டு, செஞ்சவர் பேரு எல்லாமே வெறும் எழுத்துதாம்மா. மென்பொருளே திறந்து கிடக்கு, உலகம் நடத்துறவன் என்ன வேணா மாத்திக்கலாம். இருங்க, உங்க பேரையே போட்டுடறேன்" என்று பதில் வந்தது.

நல்ல மனுஷர்தான், கைதான் கொஞ்சம் வேகம். நாற்காலிகளில் மட்டும் போட வேண்டிய பெயரை மண்டபத்தில் இருந்த அத்தனையிலும் போட்டுவிட்டார்.

மேடை, தொங்குவிளக்கு, தலைவரின் கோட்டு, செயலாளரின் கூந்தல். எதைச் சொடுக்கினாலும், செய்தவர்: நாற்காலிக்காரி.

தன் கூந்தலைப் பறிகொடுத்ததை முதலில் கண்டுபிடித்து அலறியவர் செயலாளர்தான். அப்புறம் கேட்க வேண்டுமா? ஆளாளுக்குத் தங்கள் சட்டையையும் செருப்பையும் சொடுக்கிப் பார்த்தார்கள். நம்மோடு உட்கார்ந்துகொண்டே நம்மிடம் கைவரிசை காட்டியிருக்கிறாளே என்று தலைவர் குரல் உடைந்தது.

அவள் விளக்கி விளக்கி எழுதினாள். ஒருத்தரும் படிக்கவில்லை. கண்டனத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்தச் சட்டைகளில் அதற்கு முன் யார் பெயர் இருந்தது என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் வம்பு.

பழையபடி மாற்றிவிடுங்கள் என்று கெஞ்சினாள். உலகக்காரர் சாப்பிடப் போயிருந்தார்.

அவமானத்தில் அவளுக்கு அழுகை முட்டியது. வெளியேறிவிடலாம் என்று கையை நகர்த்தியபோது, கடைசி வரிசையிலிருந்து முன்பின் தெரியாத யாரோ ஒருவர் தனியாக எழுதினார்.

"அந்த மேடை நீங்க செஞ்சதாமே? என்ன நுணுக்கம்! எங்க நடனப் பள்ளிக்கு அதே மாதிரி ஒண்ணு கிடைக்குமா?"

மேடையை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். தூணுக்குத் தூண் கொடி, கொடிக்குக் கொடி மொட்டு. யாரோ மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்திருக்க வேண்டும்.

இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் நுணுக்கம் என்ற வார்த்தையைச் சொன்னதில்லை.

'இல்லை, அது' என்று தட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

'ரொம்ப நன்றி' என்று எழுதி அனுப்பினாள். மேடையைச் சொடுக்கி, நகல் கேட்டாள். செய்தவரே கேட்பதால் மென்பொருள் மறுபேச்சு பேசாமல் கொடுத்தது.

கணவர் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"என்ன, திருடன் மாட்டினானா?"

"இன்னும் இல்ல" என்றாள், திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டு.